லுக்கப் ஓகே, கால் போகல: ஜாவா ரிமோட் சர்வீஸ் எங்க மாட்டுது

கிளையன்ட்ல நீங்க குடுத்த அட்ரஸ் 10.20.4.15. கான்ஃபிக் ஃபைல்ல அதுதான் இருக்கு, கோடுலயும் அதுதான் போகுது, பக்கத்து சீட்டுக்காரங்களும் வந்து பாத்து கன்ஃபர்ம் பண்ணியாச்சு. ஆனா எக்செப்ஷன்ல "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் டு ஹோஸ்ட்: 127.0.1.1"னு வருது. இந்த 127.0.1.1 எங்கருந்து வந்துச்சு? யாரும் எங்கயும் டைப் பண்ணல, ப்ராஜெக்ட் முழுக்க தேடிப் பாத்தாலும் கிடைக்காது. ஜாவா ஆர்எம்ஐ (ஒரு மெஷின்ல ஓடற ஜாவா ப்ரோக்ராம் இன்னொரு மெஷின்ல இருக்கற ஆப்ஜெக்ட்டோட மெத்தட்ட கூப்பிடற வழி) மேல ஓடற சிஸ்டத்த பாத்துக்கற யாருக்கும் இந்த லைன் ஒரு தடவையாவது கண்ணுல பட்டிருக்கும், பட்டப்போ பாதி நாள் போயிருக்கும்.

ஆர்எம்ஐ 1997ல ஜேடிகே 1.1 கூட வந்தது. பழைய சமாச்சாரம்தானேன்னு தள்ளிட முடியாது, ஏன்னா ஜாவால எழுதுன பழைய பில்லிங், வேர்ஹவுஸ், பேங்க் அப்ளிகேஷன்கள்ல இன்னும் அதுதான் உள்ள ஓடுது, புதுசா எழுதறவங்களும் ஜேகன்சோல்ங்கற மானிட்டரிங் டூல்ல ரிமோட் சர்வர கனெக்ட் பண்ணும்போது, அது பேசற ஜேஎம்எக்ஸ்ங்கற ஜாவா மானிட்டரிங் வசதிக்கு அடியில ஆர்எம்ஐயத்தான் தொடறாங்க. அதனால இத முழுசா ஒரு தடவை எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு.

நான் சொல்ல வர்றது ஒன்னுதான். லுக்கப், அதாவது பேர் சொல்லி சர்வீஸத் தேடறது, சக்சஸ் ஆச்சுன்னா சர்வீஸ் கிடைச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல. சர்வீஸ் எங்க இருக்குன்னு யாரோ எழுதி வச்ச அட்ரஸ் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். அந்த அட்ரஸ எழுதுனது யாரு, நான் நிக்கற இடத்துலருந்து பாத்தா அது உண்மையான்னு கேட்டுட்டா பாதி எர்ரர் அங்கயே புரிஞ்சிடும்.

உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். சர்வர் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு ரிமோட் ஆப்ஜெக்ட எக்ஸ்போர்ட் பண்ணுது, அதாவது வெளியிலருந்து கூப்பிடற மாதிரி திறந்து விடுது, அப்ப ஒரு டிசிபி போர்ட் திறக்குது. போர்ட் நம்பர் எதுவும் குடுக்கலன்னா, இல்ல 0 குடுத்தா, ஆபரேட்டிங் சிஸ்டம் ஃப்ரீயா இருக்கற ஏதோ ஒன்ன எடுத்துக் குடுக்கும், 41873 மாதிரி. கூடவே ஒரு ஸ்டப் (அந்த ஆப்ஜெக்ட்டுக்கு பதிலா கிளையன்ட் கையில இருக்கப் போற பிரதிநிதி) உருவாகுது, அதுக்குள்ள மூணு விஷயம் இருக்கு: ஹோஸ்ட், போர்ட், அப்புறம் அந்த ஆப்ஜெக்ட்டோட ஐடி. சர்வர் இந்த ஸ்டப்ப ரெஜிஸ்ட்ரில (எந்தப் பேருக்கு எந்த ஸ்டப்னு வச்சிருக்கற ப்ரோக்ராம்) ஒரு பேர்ல பைண்ட் பண்ணி, அதாவது பதிவு பண்ணி வைக்குது, ரெஜிஸ்ட்ரியோட வழக்கமான போர்ட் 1099. கிளையன்ட் வந்து பேர் சொல்லிக் கேட்டா ரெஜிஸ்ட்ரி அந்த ஸ்டப்ப சீரியலைஸ் பண்ணிக் குடுத்துட்டு ஒதுங்கிடும். அதுக்கப்புறம் மெத்தட் கால் பண்ணும்போது கிளையன்ட் ரெஜிஸ்ட்ரி பக்கமே போகாது, ஸ்டப்புக்குள்ள இருக்கற ஹோஸ்ட்டுக்கும் போர்ட்டுக்கும் தனியா ஒரு கனெக்‌ஷன் போடும்.

அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கிட்ட பேர் சொல்லிக் கேட்டா ஒரு சீட்ட எடுத்துக் குடுப்பாரே அந்த மாதிரிதான், சீட்டுல இருக்கறத எழுதுனது வாட்ச்மேன் இல்ல, வீட்டுக்காரர், அவர் "எங்க வீட்டுக்கு"ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தா அந்த சீட்டு அவருக்கு மட்டும்தான் உபயோகம்.

127.0.1.1 அப்படி எழுதுன சீட்டுதான், 127ல ஆரம்பிக்கற அட்ரஸ்னா எந்த மெஷின்ல இருந்து பாத்தாலும் "இதே மெஷின்"னுதான் அர்த்தம். சர்வர் ஜேவிஎம் (ஜாவா ப்ரோக்ராம ஓட்டற ப்ராசஸ்) தன்னோட அட்ரஸ் என்னன்னு தெரிஞ்சுக்க, ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்ங்கற சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கான்னு பாக்கும், இல்லன்னா மெஷினோட ஹோஸ்ட்நேம எடுத்து அது எந்த ஐபின்னு ரிசால்வ் பண்ணி அதையே ஸ்டப்புக்குள்ள எழுதிடும். டெபியன், உபுன்டு மெஷின்கள்ல இன்ஸ்டால் பண்ணும்போதே இடிசி ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல ரெண்டாவது லைன்ல 127.0.1.1னு போட்டு பக்கத்துல மெஷின் பேர் எழுதியிருக்கும். பிக்ஸ்டு ஐபி இல்லாத மெஷினுக்கும் அதோட பேர் எப்பவும் ரிசால்வ் ஆகணும்னு நல்லதுக்குத்தான் அப்படி வச்சிருக்காங்க. ஆனா ஆர்எம்ஐ அந்த லைன நம்பி ஊருக்கெல்லாம் "என் அட்ரஸ் 127.0.1.1"னு குடுத்து அனுப்பிடுது. வாங்கிட்டுப் போன கிளையன்ட் தன்னோட சொந்த மெஷின்லயே 41873 போர்ட்ட தட்டுது, அங்க யாரும் இல்ல, ரெஃப்யூஸ்ட்.

நம்ம டீம் தம்பி ஒருத்தர் கிட்ட நடந்த பேச்சு ஞாபகம் வருது. பழைய மெஷின்லருந்து ஒரு பில்லிங் சர்வீஸ புது விஎம்முக்கு மாத்திட்டு வந்து நின்னாரு.

"அண்ணா, சர்வர்லயே கிளையன்ட் ஓட்டுனா சூப்பரா ஓடுது, என் மெஷின்லருந்து ஓட்டுனா மட்டும் விழுது. நெட்வொர்க் டீம்ல கேட்டா 1099க்கு டெல்நெட் போகுதே, எங்க சைடு க்ளியர்னு டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டாங்க."

"லுக்கப் பண்ற லைன்ல விழுதா, அடுத்த லைன்ல விழுதா?"

"ஸ்டாக் ட்ரேஸ்ல மெத்தட் கால் பண்ற லைன் நம்பர்தாண்ணா காட்டுது."

"அப்ப லுக்கப் ஆயிடுச்சு. வந்த ஸ்டப்ப அப்படியே ப்ரின்ட் பண்ணிப் பாரு."

"அதப் ப்ரின்ட் பண்ணா என்னண்ணா வரும், ஹாஷ்கோடுதானே?"

ஹாஷ்கோடு வராது. அவர் ப்ரின்ட் பண்ணப்ப இப்படி வந்துச்சு: ப்ராக்ஸி[பில்லிங்சர்வீஸ்,ரிமோட்ஆப்ஜெக்ட்இன்வோகேஷன்ஹேண்ட்லர்[யூனிகாஸ்ட்ரெஃப் [லைவ்ரெஃப்: [எண்ட்பாயின்ட்:[127.0.1.1:41873](ரிமோட்), அப்படின்னு போயி கடைசில ஆப்ஜெக்ட் ஐடில முடியுது. எண்ட்பாயின்ட்னு இருக்கற அந்த சதுர அடைப்புக்குறிக்குள்ள மொத்த கேஸும் இருக்கு. கிளையன்ட் எந்த ஹோஸ்ட்டுக்கு எந்த போர்ட்டுக்குப் போகப் போகுதுன்னு அதுவே சொல்லிடுது, யூகிக்க வேண்டியதே இல்ல. ஒரே ஒரு ப்ரின்ட் லைன், ஆனா நான் பாத்த வரைக்கும் இதப் பண்றவங்க ரொம்பக் கம்மி, எல்லாரும் நேரா ரீஸ்டார்ட்டுக்குப் போயிடறாங்க, ரீஸ்டார்ட் பண்ணா போர்ட் நம்பர் மாறும், ஹோஸ்ட் அதே தப்போட திரும்ப வரும். கிளையன்ட் கோட தொட முடியாத இடமா இருந்தா நெட்வொர்க் பாக்கெட்ட காட்டற டிசிபிடம்ப்ல 1099 ட்ராஃபிக்க பாத்தாலும் போதும், ஆரம்பத்துல ஜே, ஆர், எம், ஐங்கற நாலு இங்கிலீஷ் எழுத்து வரும், ரெஜிஸ்ட்ரி பதில் அனுப்பற பாக்கெட்ல அந்த ஹோஸ்ட் ஸ்ட்ரிங் வெறும் டெக்ஸ்ட்டாவே கண்ணுல படும்.

சர்வர்லயே ஓட்டுனா ஓடுதுங்கறதுக்கும் காரணம் இதான். 127.0.1.1ங்கற அட்ரஸ் அந்த மெஷினுக்குள்ள இருந்து பாத்தா உண்மை. அதனால "லோக்கல்ல டெஸ்ட் பண்ணிட்டேன்"ங்கறது ரிமோட் சர்வீஸ் விஷயத்துல ஒரு சாட்சியே இல்ல. நெட்வொர்க் டீம் சொன்னதும் பொய் இல்ல, அவங்க 1099 தான் பாத்தாங்க, அது திறந்துதான் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் உண்மையச் சொல்லிக்கிட்டே சண்டை போடற கேஸ் இது, அதான் இது ரொம்ப நேரம் இழுக்குது.

சரி பண்றது சின்ன வேலை. அந்த ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டிய சர்வர் ஜேவிஎம்ல செட் பண்ணனும். கிளையன்ட்ல செட் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, ஸ்டப்ப எழுதறது சர்வர்தான். ஆப்ஜெக்ட எக்ஸ்போர்ட் பண்றதுக்கு முன்னாடியே செட் ஆகியிருக்கணும், ரெஜிஸ்ட்ரிக்குள்ள ஏற்கனவே போன ஸ்டப் அதுக்கப்புறம் மாறாது. இன்னொன்னு, கமாண்ட் லைன்ல மைனஸ் டி போட்டு குடுக்கறவங்க அத ஜார் ஃபைல் பேருக்கு முன்னாடி எழுதணும், பின்னாடி எழுதுனா அது மெயின் மெத்தடுக்கு ஆர்க்யுமென்ட்டா போயிடும், ஜேவிஎம் அதக் கண்டுக்காது, எர்ரரும் வராது, நீங்க செட் பண்ணிட்டோம்னு நம்பிட்டே இருப்பீங்க. ஐபி குடுக்கறதா பேர் குடுக்கறதான்னு கேட்டா எனக்குப் பேர்தான் பிடிக்கும், ஏன்னா பேர் குடுத்தா ஸ்டப்புக்குள்ள பேராவே போகும், கிளையன்ட் தன்னோட டிஎன்எஸ் வச்சு ரிசால்வ் பண்ணிக்கும், ஆஃபீஸ் உள்ள இருக்கறவனுக்கு உள் ஐபி, வெளிய இருக்கறவனுக்கு வெளி ஐபின்னு வேற வேற பதில் குடுக்க வழி கிடைக்கும்.

ஹோஸ்ட் சரியாச்சுன்னா அடுத்தது போர்ட். 1099 மட்டும் ஃபயர்வால்ல திறந்து வச்சிட்டு 41873க்குப் போற கால் ட்ராப் ஆகறதுதான் ரெண்டாவது பெரிய கேஸ். இங்க எக்செப்ஷன் மெசேஜ் உங்கள நல்லா திசை திருப்பும், கவனமா இருங்க. ஆர்எம்ஐ லைப்ரரி உள்ள சாக்கெட் லெவல்ல கனெக்ட்எக்செப்ஷன் வந்தா எந்தக் காரணமா இருந்தாலும் மேல "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் டு ஹோஸ்ட்"னுதான் எழுதும். உண்மையான காரணம் அதுக்கு அப்புறம் "நெஸ்டட் எக்செப்ஷன் இஸ்"னு வர்ற லைன்ல இருக்கும். அங்க "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்"னே இருந்தா அந்த மெஷின் வரைக்கும் போயிட்டோம், போர்ட்ல யாரும் இல்லன்னு அர்த்தம், இல்ல ஃபயர்வால் முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லுது. "கனெக்‌ஷன் டைம்ட் அவுட்"னு இருந்தா பாக்கெட் வழியில எங்கயோ முழுங்கப்படுது. நேரத்த வச்சே கண்டுபிடிக்கலாம்: ரெஃப்யூஸ்ட் உடனே வரும், டைம்ட் அவுட் லினக்ஸ்ல வழக்கமான செட்டிங்ல 2 நிமிஷத்துக்கு மேல எடுக்கும். முதல் லைன மட்டும் காப்பி பண்ணி டிக்கெட்ல ஒட்டறவங்க தயவுசெஞ்சு முழு ட்ரேஸையும் ஒட்டுங்க.

போர்ட்டுக்கு வழி, எக்ஸ்போர்ட் பண்ணும்போது 0க்கு பதிலா ஒரு நம்பர் நீங்களே குடுத்துடறது. ரெஜிஸ்ட்ரியும் அதே ஜேவிஎம்க்குள்ள இருந்தா, கஸ்டம் சாக்கெட் ஃபேக்டரி எதுவும் போடலன்னா, ரெண்டுமே 1099லயே உக்காரலாம், ஃபயர்வால்ல ஒரே ஒரு ரூல் போதும். ஜேஎம்எக்ஸ்லயும் இதே கதை: ஜேஎம்எக்ஸ்ரிமோட்.போர்ட்டுன்னு ஒன்னு குடுத்துட்டு எல்லாரும் நிறுத்திக்கறாங்க, அது ரெஜிஸ்ட்ரி போர்ட் மட்டும்தான், ஜேஎம்எக்ஸ்ரிமோட்.ஆர்எம்ஐ.போர்ட்டுன்னு இன்னொன்னையும் அதே நம்பரா குடுத்தாதான் ஜேகன்சோல் ஃபயர்வால் தாண்டி வரும், கூட அந்த ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டியும் வேணும்.

டாக்கர்ல இது இன்னும் கூர்மையா குத்தும். கன்டெய்னர் தன்னோட அட்ரஸ் 172.17.0.2னு நெனைச்சுக்கும், அது டாக்கரோட டீஃபால்ட் பிரிட்ஜ் நெட்வொர்க், வெளிய இருக்கற யாருக்கும் அந்த அட்ரஸ் அர்த்தமே இல்ல. ஹோஸ்ட்நேம சரி பண்ணாலும், வெளிய 21100 உள்ள 1100ன்னு போர்ட்ட மாத்தி மேப் பண்ணா திரும்ப மாட்டும், ஏன்னா ஸ்டப்புக்குள்ள எழுதியிருக்கறது உள் நம்பர் 1100, கிளையன்ட் வெளிய நின்னு 1100ஐத்தான் தட்டும். எச்டிடிபி சர்வீஸ்ல எந்த போர்ட்ட எதுக்கு வேணா மேப் பண்ணிப் பழகுனவங்களுக்கு இது உறைக்க கொஞ்சம் நேரம் ஆகும். உள்ளயும் வெளியயும் ஒரே நம்பர் வைங்க, விஷயம் முடிஞ்சுது.

இது வரைக்கும் பாத்தது அட்ரஸ் ஆரம்பத்துலருந்தே தப்பா இருக்கற கேஸ். சரியா இருந்த அட்ரஸ் அப்புறம் பழசாயிடற கேஸும் இருக்கு, எனக்கு அதான் இன்னும் சுவாரசியம்.

ரெஜிஸ்ட்ரிய தனி ப்ராசஸா ஓட்டறாங்கன்னு வைங்க. சர்வர் கிராஷ் ஆயிடுச்சு. ரெஜிஸ்ட்ரிக்கு அது தெரியாது, உயிரோட இருக்கியான்னு அது யாரையும் கேக்கறதில்ல. லிஸ்ட் பண்ணிப் பாத்தா பேர் அப்படியே இருக்கும், லுக்கப்பும் சக்சஸ் ஆகும், கால் பண்ணா பழைய போர்ட்ல ரெஃப்யூஸ்ட். "ரெஜிஸ்ட்ரில பேர் தெரியுது, அதனால சர்வர் ஓடுது"ன்னு மானிட்டரிங் ஸ்க்ரிப்ட் எழுதி வச்சிருக்கற இடங்கள் இருக்கு, அந்த ஸ்க்ரிப்ட் செத்த சர்வருக்கும் பச்சை லைட்தான் காட்டும்.

இத திருப்பிப் போட்டுப் பாருங்க. சர்வர் நல்லா ஓடுது, ரெஜிஸ்ட்ரி மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது. ரெஜிஸ்ட்ரி எல்லாத்தையும் மெமரிலதான் வச்சிருக்கு, அதனால காலியா எழுந்திரிக்கும், சர்வர் தானா வந்து திரும்ப பைண்ட் பண்ணாது. இப்ப ஏற்கனவே ஸ்டப் வாங்கி வச்சிருக்கற பழைய கிளையன்ட் எல்லாம் எந்தக் குறையும் இல்லாம ஓடிட்டே இருக்கும், புதுசா ஸ்டார்ட் ஆகற கிளையன்ட் மட்டும் நாட்பவுண்ட்எக்செப்ஷன் வாங்கும். நேத்து வரைக்கும் ஓடுச்சு, பாதி பேருக்கு ஓடுது, பாதி பேருக்கு ஓடலன்னு கம்ப்ளைன்ட் வந்தா முதல்ல ரெஜிஸ்ட்ரி ப்ராசஸ் எப்ப ஸ்டார்ட் ஆச்சுன்னு பாருங்க. தனி ரெஜிஸ்ட்ரி வேணாம், சர்வருக்குள்ளயே கிரியேட்ரெஜிஸ்ட்ரி போட்டுக்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு இதான் காரணம், ரெண்டும் சேந்தே பொறக்கும், சேந்தே போகும்.

தனி ரெஜிஸ்ட்ரில இன்னொரு தலைவலி கிளாஸ்பாத், அதாவது ஜேவிஎம் கிளாஸ் ஃபைல்களத் தேடற இடங்களோட லிஸ்ட். சர்வர் பைண்ட் பண்ணும்போது கிளாஸ்நாட்ஃபவுண்ட் வருது, உங்க ஜார்ல அந்த இன்டர்ஃபேஸ் இருக்கு, மறுபடி மறுபடி செக் பண்றீங்க, இருக்கு. ஆனா கிளாஸ் கிடைக்காம தவிக்கறது உங்க ஜேவிஎம் இல்ல, ரெஜிஸ்ட்ரி ஜேவிஎம். "ரிமோட்எக்செப்ஷன் அக்கர்ட் இன் சர்வர் த்ரெட்"னு மேல இருக்கற வரி அதத்தான் சொல்லுது, இந்த இடத்துல சர்வர்னா ரெஜிஸ்ட்ரி. பழைய ட்யூட்டோரியல்ல கோட்பேஸ் யூஆர்எல் (கிளாஸ் ஃபைல் எங்க கிடைக்கும்ங்கற அட்ரஸ்) குடுத்தா தானா டவுன்லோட் பண்ணிக்கும்னு எழுதியிருப்பாங்க, 2013ல வந்த ஜாவா 7 அப்டேட் 21லருந்து யூஸ்கோட்பேஸ்ஒன்லி டீஃபால்ட்டா ட்ரூ ஆயிடுச்சு, எதிர்ப்பக்கம் சொல்ற யூஆர்எல்லருந்து கிளாஸ் இறக்கறது நின்னுபோச்சு. அது செக்யூரிட்டிக்காக பண்ணது, சரியான முடிவுதான். யாரோ குடுக்கற அட்ரஸ்லருந்து கோட் இறக்கி ஓட்டுனா என்ன ஆகும்னு 2021 டிசம்பர்ல லாக்4ஜே லைப்ரரில லாக்4ஷெல்ங்கற ஓட்டை வந்தப்ப உலகமே பாத்துச்சு, அதுவும் அடிப்படையில ஒரு ஜேஎன்டிஐ (ஜாவால பேர் வச்சுத் தேடற பொது வசதி) லுக்கப்தான். அதனால பழைய பதிவப் பாத்துட்டு அந்த ப்ராப்பர்ட்டிய ஃபால்ஸ் ஆக்கறவங்க அப்படிப் பண்ணாதீங்க, இன்டர்ஃபேஸ் ஜார ரெண்டு பக்கமும் வைங்க, அதான் ஒழுங்கான வழி.

ஜேஎன்டிஐ, ஈஜேபி (அப்ளிகேஷன் சர்வருக்குள்ள ஓடற பீன்ங்கற ஜாவா ஆப்ஜெக்ட்கள்) பக்கம் வந்தா பேர் பிரச்சினை சேந்துக்கும். நேம்நாட்ஃபவுண்ட் வந்தா டைரக்டரி வரைக்கும் போயிட்டோம், பேர் இல்ல. கம்யூனிகேஷன்எக்செப்ஷன்னா டைரக்டரிக்கே போகல. நோஇனிஷியல்கான்டெக்ஸ்ட்னா கிளம்பவே இல்ல, எந்த ஃபேக்டரி கிளாஸ்னே கான்ஃபிக்ல சொல்லல. இந்த மூணையும் ஒன்னா "லுக்கப் ஃபெயில்"னு சொல்லாதீங்க, மூணுக்கும் வேற வேற ஆள் வேலை பாக்கணும். ஜேபாஸ்ங்கற அப்ளிகேஷன் சர்வரோட வெர்ஷன் மாத்தும்போது போர்ட்டும் மாறும்: பழைய ஜேபாஸ் 4, 5ல ஜேஎன்பி ப்ரோட்டோகால்ல 1099, ஏஎஸ் 7ல ரிமோட்டிங் 4447, ஜேபாஸோட புதுப் பேரான வைல்ட்ஃப்ளை 8லருந்து எச்டிடிபி போர்ட்டான 8080லயே. அதோட இந்த புது வெர்ஷன்கள்ல ஜாவா:ஜேபாஸ்/எக்ஸ்போர்ட்டட்ங்கற பேருக்குக் கீழ இருக்கறது மட்டும்தான் வெளிய இருக்கற கிளையன்ட்டுக்குத் தெரியும். அட்மின் கன்சோல்ல பேர் கண்ணுக்குத் தெரியுது, கிளையன்ட்ல இல்லங்குதுன்னா அது எக்ஸ்போர்ட்டட்டுக்குக் கீழ இருக்கான்னு பாருங்க, இருந்தா கிளையன்ட்ல அந்த முன்பாதிய விட்டுட்டு மிச்சத்த மட்டும் குடுக்கணும்.

ஈஜேபி:ன்னு ஆரம்பிக்கற லுக்கப்ப பத்தி கண்டிப்பா சொல்லணும். அந்த மாடல்ல ஸ்டேட்லெஸ் பீனுக்கு லுக்கப் பண்ணா நெட்வொர்க் பக்கமே போகாது. குடுத்த பேர வச்சு கிளையன்ட்லயே ஒரு ப்ராக்ஸி செஞ்சு கையில குடுத்துடும். அப்ளிகேஷன் பேர்ல எழுத்துப்பிழை இருந்தாலும் லுக்கப் சக்சஸ், சர்வரே ஆஃப் ஆகியிருந்தாலும் லுக்கப் சக்சஸ், முதல் மெத்தட் கால்லதான் "நோ ஈஜேபி ரிசீவர் அவெய்லபிள்"னு வந்து நிக்கும். லுக்கப்ப சுத்தி மட்டும் ட்ரை கேட்ச் போட்டு "கனெக்டட்"னு லாக் எழுதற கோட நிறைய பாத்திருக்கேன். அந்த லாக் லைன நம்பி நடுராத்திரில தேடிட்டு இருக்கறவங்கள நெனைச்சா எனக்கு நிஜமாவே கஷ்டமா இருக்கும். கனெக்டட்னு எழுதணும்னா ஒரு சின்ன பிங் மெத்தட் வச்சு அதக் கால் பண்ணிட்டு எழுதுங்க.

கன்டெய்னர்கள நிர்வாகம் பண்ற குபர்நெட்டீஸ்ல ஆர்எம்ஐ சர்வர ரெண்டு "பாட்"டா (பாட்னா அங்க ஓடற ஒரு காப்பி) ஓட்டி முன்னாடி ஒரே சர்வீஸ் பேர் வச்சா என்ன ஆகும்? ஹோஸ்ட்நேம் ப்ராப்பர்ட்டில அந்த சர்வீஸ் பேரையே குடுத்து, போர்ட்டையும் ஃபிக்ஸ் பண்ணி, மேல சொன்ன எல்லாமே சரியா பண்ணியாச்சு. லுக்கப் முதல் பாட்டுக்குப் போகுது, ஸ்டப் வாங்குது. கால் பண்ணும்போது புது கனெக்‌ஷன் ரெண்டாவது பாட்டுக்குப் போகுது. அங்க கோட் அதேதான், ஆப்ஜெக்ட் ஐடி வேற, ஏன்னா அந்த ஐடி ஒவ்வொரு ஜேவிஎம்லயும் தனியா உருவாகறது. "நோ சச் ஆப்ஜெக்ட் இன் டேபிள்"னு பதில் வரும். சில நேரம் அதே பாட்டுக்குப் போயி ஓடும், சில நேரம் ஓடாது, மெமரி லீக்கா, கார்பேஜ் கலெக்டரான்னு எங்கெங்கயோ தேடுவாங்க. குபர்நெட்டீஸ்ல அதுக்குன்னே இருக்கற ஸ்டேட்ஃபுல்செட்டும் ஹெட்லெஸ் சர்வீஸும் போட்டு ஒவ்வொரு பாட்டுக்கும் தனி பேர் குடுத்து, அந்தந்த பாட் தன்னோட பேரையே ஸ்டப்புல எழுதற மாதிரி வச்சா இது தீரும். எந்த பாட்டுக்குப் போறதுன்னு கிளையன்ட் முடிவு பண்ணிக்கணும், நடுவுல இருக்கற லோட் பேலன்ஸர் கிட்ட அத விட முடியாது.

ஆர்எம்ஐயத் தொடாதவங்களுக்கும் இந்த வடிவம் பழக்கமாத்தான் இருக்கும். மெசேஜ் அனுப்பற காஃப்காவுல முதல்ல போய்ப் பேசற பூட்ஸ்ட்ராப் சர்வர் கனெக்ட் ஆகும், அது திருப்பிக் குடுக்கற அட்வர்டைஸ்டு லிஸனர்ஸ் அட்ரஸ் லோக்கல்ஹோஸ்ட்டா இருந்தா மெசேஜ் போகாது. சர்வீஸ்கள் தங்களப் பதிவு பண்ணிக்கற யுரேகால கன்டெய்னர் தன்னோட ஹோஸ்ட்நேம பதிவு பண்ணும், மத்த மெஷின்ல அந்தப் பேர் ரிசால்வ் ஆகாது, அதுக்குத்தான் ப்ரிஃபர் ஐபி அட்ரஸ்னு ஒரு செட்டிங்கே வச்சிருக்காங்க. வருஷமும் லைப்ரரியும் மாறியிருக்கு, சீட்டுல அட்ரஸ் எழுதறது மட்டும் இன்னும் சர்வர்தான்.

கிளையன்ட் பக்கம் ஒரு விஷயம் மிச்சம் இருக்கு. போர்ட்ட ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கற சர்வர் ரீஸ்டார்ட் ஆனா கனெக்‌ஷன் போகும், ஆனா பழைய ஸ்டப்புல இருக்கற ஐடி புது ஜேவிஎம்ல இருக்காது, அங்கயும் அதே நோ சச் ஆப்ஜெக்ட்தான். அதனால ஸ்டப்ப ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை வாங்கி ஸ்டாட்டிக் வேரியபிள்ல காலம் முழுக்க வச்சிருக்கக்கூடாது, இந்த எக்செப்ஷன் வந்தா திரும்ப லுக்கப் பண்ணி ஒரு தடவை ட்ரை பண்ணனும். ஆனா எல்லா எக்செப்ஷனுக்கும் கண்ண மூடிட்டு ரீட்ரை போடாதீங்க. ஆர்எம்ஐயோட கனெக்ட்எக்செப்ஷன்னா கால் போகவே இல்ல, நோசச்ஆப்ஜெக்ட்னா போச்சு ஆனா மெத்தட் ஓடல, இது ரெண்டுக்கும் திரும்ப அனுப்பலாம். வந்த பதிலப் படிக்க முடியாதப்போ வர்ற அன்மார்ஷல்எக்செப்ஷன் வந்தா சர்வர்ல மெத்தட் ஓடி முடிச்சு பதில் திரும்பி வரும்போது லைன் அறுந்திருக்கலாம். 1994ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் லேப்ல ஜிம் வால்டோ, ஆன் வோல்ராத், இன்னும் ரெண்டு பேர் சேந்து, ரிமோட் ஆப்ஜெக்ட்ட லோக்கல் ஆப்ஜெக்ட் மாதிரி காட்டறது தப்பு, பாதி மட்டும் உடையறதுங்கறது ரிமோட்லதான் இருக்குன்னு எழுதுனாங்க. அந்த வோல்ராத் தான் அப்புறம் ஆர்எம்ஐ வடிவமைச்சவங்கள்ல முக்கியமானவங்க, ஒவ்வொரு ரிமோட் மெத்தட்லயும் ரிமோட்எக்செப்ஷன் கட்டாயம் எழுத வச்சது அந்த யோசனையிலருந்து வந்ததுதான். அத கேட்ச் பண்ணி காலியா விடறவங்களப் பாத்தா எனக்கு மனசு கேக்காது.

அதோட பதிலுக்குக் காத்திருக்க டீஃபால்ட்டா டைம்அவுட்டே கிடையாது, ரெஸ்பான்ஸ்டைம்அவுட் ப்ராப்பர்ட்டி 0லதான் இருக்கும், எதிர்ப்பக்கம் தொங்கிட்டா உங்க த்ரெட்டும் அங்கயே தொங்கும், த்ரெட்டெல்லாம் எங்க நிக்குதுன்னு காட்டற ஜேஸ்டாக் எடுத்தா வரிசையா சாக்கெட் ரீட்ல நிக்கறது தெரியும். அதுக்கு ஒரு மதிப்பு குடுங்க. குடுத்துட்டா அந்த டைம்அவுட்ல வர்றதும் அன்மார்ஷல்எக்செப்ஷனாத்தான் வரும், அந்த இடத்துல ரீட்ரை பண்றதுக்கு முன்னாடி சர்வர் கிட்ட அந்த பில் நம்பர் ஏற்கனவே போட்டாச்சான்னு கேக்கற ஒரு மெத்தட் வச்சிருக்கணும், இல்லன்னா ஒரே கஸ்டமருக்கு ரெண்டு பில் போயிடும்.